சிரிக்காத சுவர்

வாடகைக் காரின் கதவைத் திறந்ததும் புது பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. நல்ல வெயில். அகலமான தெரு, இரண்டு பக்கமும் நிழல் மரங்கள். பக்கத்துக் கட்டடத்தில் பல் வைத்தியர், எதிரே மழலையர் பள்ளி. பேய் குடியிருக்கிற தெரு இப்படியா இருக்கும்? பேய்க்கே போரடித்துவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஜோக் தோன்றியதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கேட்டின் மேல் ‘பெண்கள் தொழிற்பயிற்சி இல்லம்’ என்று அழகான எழுத்துகள்.

என் அக்கா காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இறங்குக்கா. மீட்டர் ஓடுது.”

“கால் வரமாட்டேங்குதுடி.”

“நான் இருக்கேன்ல?”

“அதான் பயமா இருக்கு. உன்னைப் போய் இங்க கூட்டிட்டு வந்துட்டேனே.”

தையல் சொல்லித் தருகிறோம், வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறோம் என்றுதான் அக்காவை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தைக்கூட முடித்திருக்கவில்லை. தையல் மெஷின்கள் முன்கூடத்தில், பார்வைக்கு. பின்னால் இருந்த அறைகளில் பெண்களை மூட்டை மாதிரி அடைத்து வைத்திருந்தார்கள். யாரை, என்றைக்கு, எந்த ஊருக்கு ஏற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அக்காவை ஏற்றிக்கொண்டு போன வேன் ஒரு மழை நாளில் கவிழ்ந்தது. உடைந்த கையோடு ஓடித்தான் அவள் எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் ‘சொந்தக்காரங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். வந்து போகிற ஆண்கள் எல்லாரும் மாமா. இல்லத்தை நடத்துகிறவள் பெரியம்மா. வெளியுலகில் யார் யார் சொந்தக்காரர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அக்கா புகார் கொடுத்த பிறகு மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, “பெரியம்மா உங்க அக்காவைக் கேட்டாங்க” என்றார். பஸ்ஸில் என் தோளில் தூங்கி விழுந்த ஒரு அம்மாள், கண்ணைத் திறக்காமலே அதையே சொன்னாள். அவ்வளவுதான். வேறு மிரட்டலே கிடையாது. அந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலை எங்கள் வக்கீல், உடம்பு சரியில்லை, வரமுடியவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தார். அவரையும் பெரியம்மா கேட்டிருக்க வேண்டும்.

ஆக, வந்தது மூன்றே பேர். அக்கா, நான், வீட்டைப் பார்த்து வரச்சொல்லி நீதிபதி அனுப்பிய ஆணையர். அவரும் வக்கீல்தான், வயதானவர். கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல், “சீக்கிரம் முடிச்சிரலாமா?” என்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசல் கதவருகே மணிப் பொத்தான் இருந்தது. அவர் விரல் அந்தப் பக்கம் போனதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சார், மணி வேணாம், கதவைத் தட்டுங்க...”

நான் சொல்லி முடிப்பதற்குள் அழுத்திவிட்டார். கணகணவென்று பழைய காலத்து மணி.

அக்கா சிரித்தாள்.

சும்மா ஒரு சிரிப்பு இல்லை. ரொம்ப நாள் கழித்து வந்த விருந்தாளியைப் பார்த்த மாதிரி, பல் அத்தனையும் தெரிய, கையைத் தட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சிரித்தாள். கண்கள் மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தன.

ஆணையர் கைக்குட்டையை இறக்கினார்.

கதவு திறந்தது. வெளுத்த பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடி, ஓய்வு பெற்ற டீச்சர் முகம்.

“அட, என் தங்கமே! அதே சிரிப்பு, கொஞ்சம்கூட மாறல. நீங்களே சொல்லுங்க சார், இது இங்க கஷ்டப்பட்ட புள்ளையா?”

பெரியம்மா.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. கோபத்தால் இல்லை. வெட்கத்தால். அக்கா சிரிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த வெட்கம்தான் முதலில் வரும். அம்மா வாசல் மணியைக் கழற்றி எறிந்திருந்தாள். போன்கள் எல்லாம் ஊமை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால்கூட அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ‘பெரியவளுக்கு நரம்புக் கோளாறு’ என்று சொல்லி வைத்திருந்தாள்.

நரம்புக் கோளாறு இல்லை. அது இந்த வீட்டின் சட்டம். மணி அடித்தால் வெளியாட்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதிகாரியோ, நன்கொடை தருகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. மணி அடித்த நொடியில் எல்லாப் பெண்களும் எல்லா அறைகளிலும் சிரிக்க வேண்டும். வந்தவர் போகும்வரை நிறுத்தக் கூடாது. ‘எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க’ என்று பெரியம்மா சொல்வாள். வந்தவரும் தலையாட்டிவிட்டுக் காப்பி குடிப்பார்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவே மாட்டாள். அடித்தாலும் சிரிக்க மாட்டாள், பட்டினி போட்டாலும் சிரிக்க மாட்டாள். அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அக்காவும் மற்றவர்களும் ஆசையாக உம்மணா என்பார்கள். அவளை ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் போட்டார்கள். ஒரு நாள் மணி அடித்தபோது அவள் உள்ளேயிருந்து சுவரை இடித்துக் கத்தினாள். அந்தச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று பெரியம்மா கையை உயர்த்திக் காட்டினாள். இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக.

பெண்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு உம்மணாவின் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை.

அக்கா கோர்ட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சரியாக இந்த இடத்தில், நீதிபதி தன் உதவியாளரைக் கூப்பிட மேஜை மணியைத் தட்டினார். அக்கா சிரித்துவிட்டாள். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. “பாருங்க, பொய் சொல்றவங்களுக்கே சிரிப்பு வருது” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அப்படி ஒரு பெண்ணும் இல்லை, அப்படி ஓர் அறையும் இல்லை என்றாள் பெரியம்மா. நீதிபதி ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஆணையரோடு போய் அறையைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் வழக்கு தள்ளுபடி. பொய்ப் புகார் கொடுத்ததாக அக்கா மேலேயே வழக்கு வரும்.

இதுதான் நிலைமை. அன்றைக்கு அந்த அறை கிடைத்தாக வேண்டும்.

முன்கூடத்தில் மெஷின்கள் வரிசையாக இருந்தன. ஒரு பெண்ணும் இல்லை. “எல்லாரும் லீவுல ஊருக்குப் போயிருக்காங்க” என்றாள் பெரியம்மா. பின்னால் நீளமான நடை. இரண்டு பக்கமும் அறைகள். எல்லாவற்றிலும் பளிச்சென்று பெயின்ட், புது டைல்ஸ், பினாயில். சுவர்கள் இடம் மாறியிருந்தன. அக்கா ஓர் அறைக்குள் போவாள், நிற்பாள், வெளியே வருவாள். கையை நீட்டுவாள். மடக்கிக்கொள்வாள்.

“இங்க ஒரு படி இருந்துச்சு.”

“எப்பவும் இல்லையேம்மா” என்றாள் பெரியம்மா அன்பாக.

“சமையக்கட்டு அந்தப் பக்கம்...”

“கண்ணு, உனக்கு ஓய்வு வேணும். வீட்ல சரியா கவனிக்கிறாங்களா? உன் அம்மாவைக்கூடக் கேட்டேனே.”

என் முதுகுத்தண்டில் ஈரத்துணி பட்டது போலிருந்தது.

நடையின் நடுவே வெயில் நுழையவில்லை. பெயின்ட் வாசனைக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. எண்ணெய் வைத்துப் பின்னாத தலைமுடியின் வாடை. துவைக்காத தலையணையின் வாடை. முன்கூடத்தில் ஒரு மெஷினின் சக்கரம் கிர்ரென்று சுற்றியது. திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

சக்கரம் மெதுவாகச் சுற்றி நின்றது.

ஆணையர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. “அவ்வளவுதானேம்மா? அறை இல்லைன்னு எழுதிக்கறேன்” என்றார். குரலில் நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குப் புரியவில்லை.

அக்கா நடையின் நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் குனிந்தேன். அவள் உதடு என் காதைத் தொட்டது.

“அவ கத்தினப்போ எல்லாரையும் விட ரொம்ப சத்தமா சிரிச்சது நான்தான்டி.”

“அக்கா...”

“எனக்கு அன்னிக்கு ரொட்டி ரெண்டு சேர்த்துக் குடுத்தாங்க. தின்னேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

“போய் மணியை அடி.”

“என்னது?”

“அடி. நிறுத்தாம அடி. நான் சிரிக்க மாட்டேன்.”

“உன்னால முடியாதுக்கா. அந்தாளு வேற பார்த்துட்டிருக்கான்.”

“சிரிச்சா சிரிச்சதுதான். இதுக்கு மேல என்ன மானம் போகப்போகுது? போடி.”

துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். நான் வாசலுக்கு ஓடினேன். பொத்தானை அழுத்தினேன். அங்கேயே நின்றால் அக்காவைப் பார்க்க முடியாது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி மடித்துப் பொத்தானின் இடுக்கில் சொருகினேன். மணி கணகணவென்று கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே ஓடினேன்.

அக்காவின் தோள்கள் குலுங்கின. கன்னங்கள் தாமாக மேலே ஏறின. கைகள் தட்டுவதற்குத் துடித்தன, அவள் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கிலிருந்து ஒரு துளி ரத்தம்.

அவள் சிரிக்கவில்லை.

“என்ன கூத்து இது? சார், நிறுத்தச் சொல்லுங்க!” பெரியம்மாவின் குரல் முதல்தடவையாக உயர்ந்தது.

அப்போதுதான் கேட்டது.

முதலில் ஒருத்தி. மாடியில். சன்னமாக.

பிறகு அடுத்த அறையில் இரண்டு பேர்.

பிறகு வீடு முழுக்க.

காலி அறைகளிலிருந்து சிரிப்பு. டைல்ஸுக்கு அடியிலிருந்து சிரிப்பு. பூட்டிய இரும்பு அலமாரிக்குள்ளிருந்து சிரிப்பு. சின்னப் பெண்களின் குரல்கள், கைதட்டல்கள், யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி ஒரே தாளம். என் உள்ளங்கால் வழியாக அது உடம்புக்குள் ஏறியது. ஆணையர் சுவரில் வைத்திருந்த கையைச் சுட்டுக்கொண்டவர் போல எடுத்தார்.

“எதிர்த்தாப்புல ஸ்கூல் பசங்க” என்றாள் பெரியம்மா. சொல்லிவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

மணி நின்றது.

சிரிப்பு நிற்கவில்லை.

அக்கா வாயிலிருந்து துணியை உருவினாள். எழுந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. வெட்கம் மட்டும் அப்படியே இருந்தது.

“சார், உம்மணா சிரிக்க மாட்டா” என்றாள். “செத்தாலும் சிரிக்க மாட்டா. சிரிப்பு எங்க கேக்கலைன்னு பாருங்க.”

சுவரில் காதை வைத்தாள். நகர்ந்தாள். நானும் எதிர்ச்சுவரில் காதை வைத்தேன். உள்ளே ஒருத்தி என் கன்னத்துக்கு நேராகச் சிரித்தாள். அவளுடைய மூச்சுக்காற்றின் சூடுகூடச் சுண்ணாம்பைத் தாண்டி என் மேல் பட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தேன். இங்கே சிரிப்பு. இங்கேயும் சிரிப்பு. இங்கேயும்.

நடை முடிகிற இடத்தில் அக்கா நின்றாள்.

நான் அங்கே போனதும் தண்ணீருக்குள் தலையை முக்கினது போல எல்லாச் சத்தமும் அமுங்கிவிட்டது. வெள்ளைச் சுவர். மற்ற சுவர்களைப் போலத்தான். ஆனால் உள்ளே அமைதி. யாரோ வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிற அமைதி.

அக்கா உள்ளங்கையால் ஒரு தடவை தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு தடவை.

“இதை உடைக்கணும்” என்றாள் அக்கா.

“சார்,” பெரியம்மா ஆணையரின் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் திரும்பவும் தேனாகியிருந்தது. “பெரியவங்க கேப்பாங்க. உங்க பேத்தி நல்லா படிக்கிறாளாமே?”

ஆணையர் தரையைப் பார்த்தார். அவருடைய காது சிவந்து போயிற்று. கொஞ்ச நேரம் மூக்கைக்கூடத் துடைக்கவில்லை.

“எங்கிட்டயும் கேட்டாங்கம்மா” என்றார். பெரியம்மாவிடம் இல்லை, அக்காவிடம். “நேத்தே கேட்டாங்க. அறை இல்லைன்னு எழுதறேன்னு தலையாட்டிட்டுத்தான் வந்தேன்.”

அக்கா அவரைத் திட்டவில்லை. “நானும்தான் சார் சிரிச்சேன்” என்றாள்.

அவர் வாசல் பக்கம் திரும்பி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். “யோவ், கடப்பாரை இருக்கா? கோர்ட் உத்தரவு. எடுத்துட்டு வா!”

வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது போல. சிரிப்பைக் கேட்டு நடுங்கிக்கொண்டே வந்தான். முதல் அடியிலேயே பூச்சு உதிர்ந்தது. உள்ளே ஒற்றைச் செங்கல். இரண்டு கல் பெயர்ந்து விழுந்ததும் உள்ளேயிருந்து காற்று வந்தது. பிண வாடை இல்லை. ரொம்ப காலம் திறக்காத வாயின் வாடை.

பெரியம்மா ஓடவில்லை. நடையில் அப்படியே உட்கார்ந்து போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டாள். ஒரு சொந்தக்காரரும் எடுக்கவில்லை.

ஓட்டை பெரிதானதும் ஆணையர் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். நீட்டிப் படுக்கக்கூட இடமில்லாத அறை. மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு, இல்லை, கால்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பாவாடை. அதற்குள் கொஞ்சம் எலும்பு. நீளமான முடி மட்டும் அப்படியே இருந்தது. பக்கச் சுவரில், உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், பூச்சு முழுக்கச் சுரண்டப்பட்டுச் செங்கல் தெரிந்தது.

வாட்ச்மேன் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தான்.

அக்கா உள்ளே நுழைந்தாள். “தொடாதம்மா, போலீஸ் வரணும்” என்றார் ஆணையர். அவள் தொடவில்லை. அந்தப் பாவாடைக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கேட்டுச்சுடி” என்றாள். “எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.”

வீட்டில் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு அறையாக நின்றது. கடைசியில் மாடியில் ஒருத்தி மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல. பிறகு அவளும் நிறுத்திவிட்டாள்.

ஆணையர் உள்ளூர் போலீஸை நம்பவில்லை. நேராக நீதிபதியைக் கூப்பிட்டார். மூக்கடைப்பும் அழுகையும் கலந்த குரலில் நடந்ததைச் சொன்னார், தான் தலையாட்டியதையும் சேர்த்து. பெரியம்மாவை அன்றைக்கே கொண்டுபோனார்கள். அடுத்தடுத்த நாட்களில், தாங்கள் அந்த வீட்டில் இருந்ததை யாரிடமும் சொல்லாத பெண்கள் சிலர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். புருஷனுக்குத் தெரியாமல் ஒருத்தி. மாமியாரோடு ஒருத்தி. யாரும் நிமிர்ந்து பேசவில்லை. ஆனால் பேசினார்கள். அம்மா அவர்களுக்குச் சோறு போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டபோது, “என் பொண்ணைப் பார்க்க வந்திருக்காங்க” என்று மட்டும் சொன்னாள். நரம்புக் கோளாறு என்று சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அக்கா திரும்பவும் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். அவள் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். கதவருகே நின்றுவிட்டேன்.

“கல்லை வச்சுப் பூசினப்போ அவளுக்கு உயிர் இல்லை” என்றாள் அக்கா.

நிறுத்தினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், யாரோ குறுக்கே பேசின மாதிரி.

“ஓ” என்றாள். “இருந்துச்சா?”

தம்ளரைக் கதவோரம் தரையில் வைத்தேன்.

“சரி. சரி, அழாத. அதையும் சொல்றேன். பூசினவன் பேரு தெரியுமா?” திரும்பவும் தலையைச் சாய்த்தாள். ரொம்ப நேரம் கேட்டாள். “இன்னும் எத்தனை பேரு நின்னாங்க? ம். ம். மெதுவா சொல்லு.”

என்னைப் பார்த்தாள். பயப்படாதே என்பது போல. கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். எனக்குக் கால்கள் தாமாக நடந்தன. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரில் முதுகைச் சாய்த்தேன்.

சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. மறுபக்கத்திலிருந்து ஒருத்தி முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வருமே, அந்தச் சூடு.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

நான் முதுகை எடுக்கவில்லை.

அப்போது மறுபக்கத்தில் அவளும் எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.